நிரந்தர வெற்றிடம்

நியாய வேலைவாய்ப்பு மேம்பாட்டு நிலையத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன். எழுதி வாசித்துப் பார்த்தால் பொய் விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆகவே கோபம் இருக்கிறது என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டப் போவதில்லை. கூட்டிச் சொல்வதற்கு நிலையம் எனக்கு இடம் வைக்கவில்லை.

தலைமன்னார் வீதியில், தோட்டவெளி தாண்டிப் போகும்போது இடப்பக்கம் மஞ்சள் பூசிய கட்டடம் ஒன்று வரும். அதுதான் நிலையம். வேலை தேடுகிறவர்களைப் பொய் விளம்பரங்களிலிருந்து காப்பாற்றுவதற்காக வெளிநாட்டு உதவியில் நடக்கிறது. ஆறு வருடமாக நடக்கிறது. அதன் மதிலில் ஒருநாள் இந்த விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது:

"நிரந்தர வெற்றிடம். முறைப்பாட்டுப் பிரிவு முகாமையாளர். கவர்ச்சிகரமான சம்பளம். வாகன வசதி உண்டு. மூலச் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்."

இதை வாசித்த பலரில் ஒருத்தி நிறஞ்சலா. மன்னார் பசாரில் ஒரு மருந்துக்கடையில் எட்டு வருடம் நின்றபடி மருந்து எடுத்துக் கொடுத்தவள். வயது முப்பத்து நான்கு. கணவன் வலன்ரைன் கடலுக்குப் போகிறவன். கடலில் எதுவும் நிரந்தரமில்லை என்பதால் அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. இருவரும் மதிலுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தார்கள். அடுத்த கிழமையே அவள் மருந்துக்கடையில் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

நிலையத்தின் பணிப்பாளர் திரு. சீவரத்தினம். சட்டைப்பையில் இரண்டு பேனை வைத்திருப்பவர், குரலை உயர்த்தாதவர். நேர்முகத்தில் அவர்தான் பேசினார்.

"எங்கட விளம்பரத்தில இருக்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மை, மிஸ். அதைப் பாக்கிறதுக்குத்தான் நிலையமே இருக்கு. சான்றிதழ்களைத் தாங்கோ, பாதுகாப்பா வைப்பம்."

சாதாரண தரப் பரீட்சை, உயர்தரப் பரீட்சை, பிறப்பு என்று மூன்று சான்றிதழ்களையும் கொடுத்தாள். கேட்டால் இல்லையென்று நிற்கக்கூடாதே என்று ஞானஸ்நானச் சான்றிதழையும் கொண்டுபோயிருந்தாள். அவர் அதையும் வாங்கி, நான்கையும் ஒரு பெரிய உறையில் போட்டு, உறையின் மேல் 18 என்று எழுதினார். வந்தவர்களில் தான் பதினெட்டாவது ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு சரிதான். எதில் பதினெட்டாவது என்பதில்தான் பிழை விட்டாள்.

முதல் நாள் காலை அவளுடைய மேசையைக் காட்டினார்கள். மேசையில் ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. பின்னால் உயரமான சுழல் கதிரை, வாங்கி வந்த பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. நிறஞ்சலா அதில் இருக்கப் போனாள்.

"அது முகாமையாளரின்ர கதிரை, மிஸ்," என்றார் சீவரத்தினம்.

"நான்தானே சேர் முகாமையாளர்."

"நீங்கள் முகாமையாளர் வெற்றிடத்துக்கான அறிமுகநிலைப் பங்குபற்றுநர்."

"நிரந்தரம் எண்டு போட்டிருந்ததே."

"நிரந்தர வெற்றிடம் எண்டு போட்டிருந்தது. வெற்றிடம் நிரந்தரம். ஆள் நிரந்தரம் எண்டு எங்க இருக்கு? தமிழ் படிச்சனீங்கள்தானே."

அவளுக்கு ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல் கொடுக்கப்பட்டது. அதில் இருந்துகொண்டு, தான் தமிழ்ப் பாடத்தில் பெற்ற பெறுபேறு உறைக்குள் இருப்பதை நினைத்துக்கொண்டாள்.

வாகன வசதியை அவளுக்குக் காட்டியவர் அப்துல் ஹமீட். அது கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் நிறுத்தலாம். யாரும் வராதபடியால் நான்கு கழுதைகள் நின்றன. ஹமீட் அவற்றைக் கலைத்தார். அவர் ஆறு வருடத்துக்கு முன் சாரதி என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். நிலையத்துக்கு வாகனம் கிடையாது. தேத்தண்ணி போடுகிறார், கழுதை கலைக்கிறார்.

"சம்பளம் எப்பிடி நானா, கவர்ச்சிகரமா இருக்குமோ?" என்று நிறஞ்சலா கேட்டாள்.

"நானும் சேரிட்டக் கேட்டனான், மகள். கவர்ச்சி எண்டது தூர நிண்டு பாக்கிறது, கிட்டப் போகப்படாது எண்டார்."

மூன்றாம் கிழமை நறுவிலிக்குளத்தில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு, பொய் விளம்பரங்களை இனங்காண்பது எப்படி. துண்டுப்பிரசுரத்தில் உதவித் திட்டம் வழங்கப்படும் என்று அச்சடித்திருந்ததால், வயல் வேலையை விட்டுவிட்டு அறுபது பேர் வந்திருந்தார்கள். இரண்டு மணித்தியாலப் பேச்சுக்குப் பிறகு ஒரு கமக்காரர் எழும்பி, உதவி எங்கே என்று கேட்டார்.

சீவரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நீங்கள் எல்லாரும் ஒரு விளம்பரத்தை நம்பி வந்திருக்கிறீங்கள். இனி வரமாட்டீங்கள். இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கு?"

அறுபது பேரிடமும் கையெழுத்து வாங்குவது நிறஞ்சலாவின் வேலை. அந்தக் கமக்காரர் கையெழுத்தை வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "பிள்ளைக்கு நியமனக் கடிதம் தந்திட்டினமே?" அவள் அடுத்தவரிடம் பேனையை நீட்டினாள். முகம் சுட்டது.

இதுவரை நடந்ததெல்லாம் எரிச்சல்தான். எரிச்சலோடு ஒரு மனிசி வருடக்கணக்காக வேலை செய்யலாம், நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் புதன்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் விண்ணப்பித்து அவளே மறந்துபோன அரச வேலை, மருந்தக உதவியாளர். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நகரத்தில் நேர்முகம். மூலச் சான்றிதழ்கள் கட்டாயம், பிரதிகள் ஏற்கப்படமாட்டா. அந்த வேலைக்கு முப்பத்தைந்து வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து. இதைத் தவறவிட்டால் இனி இல்லை.

வியாழக்கிழமை காலை பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"சேர், என்ர சான்றிதழ்கள் வேணும். நாளைக்கு ஒரு நேர்முகம் இருக்கு."

சீவரத்தினம் சந்தோஷப்பட்டார். "வேற வேலையே? நல்ல விஷயம். எங்கட நோக்கமே அதுதான். பதவி விலகிற ஆக்களுக்குச் சான்றிதழை உடன குடுக்கவேணும் எண்டு எங்கட விதியில இருக்கு."

"அப்ப நான் விலகிறன்."

"விலகிறதெண்டால் முதல் நியமனம் வேணும், மிஸ். நியமனம் இல்லாத ஆள் எதிலயிருந்து விலகிறது?"

"அப்ப நியமனத்தைத் தாங்கோ."

"தரலாம். தந்தால் வெற்றிடம் நிரம்பிடும். நிரந்தர வெற்றிடம் எண்டு ஊருக்கெல்லாம் விளம்பரம் போட்டிட்டம். பிறகு அது பொய் விளம்பரமாப் போயிடும். நாங்களே அதைச் செய்யலாமோ, சொல்லுங்கோ?"

அவர் இதைக் கபடமாகச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு ஆறுதலாக ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"குறையிருந்தால் முறைப்பாடு எழுதுங்கோ. அது உங்கட உரிமை. முறைப்பாட்டுப் பிரிவு முகாமையாளர் விசாரிச்சுத் தீர்ப்பார்."

"அந்தப் பதவிதானே சேர் வெற்றிடம்."

"ஓம். நிரம்பின உடன விசாரிப்பார்."

நிறஞ்சலா புத்தகத்தைத் தன் மேசையில் விரித்தாள். ஏற்கனவே பதினேழு முறைப்பாடுகள் இருந்தன. பதினேழு விதமான கையெழுத்து, ஒரே முறைப்பாடு. எல்லோரும் அதே ஸ்ரூலில் இருந்து எழுதியிருக்கிறார்கள். பதினேழாவது, மறிச்சுக்கட்டி றுமைஸா என்பவருடையது: "எனது மூலச் சான்றிதழ்கள் தரப்படாததால் ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்துக்குப் போக முடியவில்லை. இனி எனக்குச் சான்றிதழ் தேவைப்படாது. ஆனாலும் அவை என்னுடையவை."

அதை வாசித்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அதுவரை தாமதமாகும் என்றுதான் நினைத்திருந்தாள். கிடைக்காமலே போகும் என்று நினைக்கவில்லை. பதினெட்டாவது முறைப்பாட்டை எழுதினாள்.

உறைகள் எல்லாம் அவளுடைய மேசை கிடந்த வரவேற்பறையின் அலுமாரிக்குள் இருந்தன. சாவி ஹமீட்டிடம் இருந்தது. சாரதியின் பொறுப்பில் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று நிலையத்தின் விதியில் எழுதியிருக்கிறது. வாகனம் இல்லாதபடியால் அலுமாரிச் சாவியைக் கொடுத்து விதியைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"திறந்து தாங்கோ நானா."

ஹமீட் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "முறைப்பாட்டு முகாமையாளரின்ர கையெழுத்தும் முத்திரையும் இருந்தால்தான் திறக்கலாம், மகள். இல்லாமல் திறந்தால் களவு எண்டு பொலிசில குடுப்பினம். என்னைப் போட்டால் போடட்டும். உங்கட பேரும் வரும். அரசாங்க வேலைக்குப் பொலிஸ் றிப்போட் கேப்பினமெல்லே."

வீட்டில் வலன்ரைனுக்கு விஷயத்தைச் சொன்னபோது, கதவை உடைத்து அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று நின்றான். அவளும் ஹமீட் சொன்ன அதே நியாயத்தைச் சொன்னாள். இருவரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை. வலன்ரைன் தொழிலுக்குப் போகாமல் அவளை ஏற்றிவந்து, மோட்டார் சைக்கிளைக் கழுதைகளோடு கொட்டிலில் நிறுத்தினான். ஆறு வருடத்தில் வாகன வசதியைப் பயன்படுத்திய முதல் வாகனம் அது. ஒன்றரைக்குப் புறப்பட்டால்கூட நகரத்துக்குப் போய்ச் சேரலாம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

பத்து மணிவரை சீவரத்தினம் வரவில்லை. வந்தபோது கையில் மாலைகள். நன்கொடையாளர்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நிறஞ்சலா வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"மிஸ், இண்டைக்கு மட்டும் அந்தக் கதிரையில இருக்கவேணும். வெறுங் கதிரையைக் காட்டினால் வடிவில்லை. பொலித்தீனைக் கழட்டாதேங்கோ."

"இருந்தால் சான்றிதழைத் தருவீங்களோ?"

"திங்கட்கிழமை அதைப் பற்றி ஆலோசிப்பம்."

அவள் மேசையைப் பார்த்தாள். முத்திரை அங்கேயே இருந்தது.

"அப்ப இண்டைக்கு நான் முகாமையாளரோ, சேர்?"

"அவை போகுமட்டும் நீங்கள்தான் முகாமையாளர்."

"எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களோ?"

"ஏன் சொல்லாமல்? பெருமையாச் சொல்லுவன்."

பதினொரு மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கொழும்புக்காரர் இருவர், ஒரு மொழிபெயர்ப்பாளர். மாலை போட்டு, விளக்கேற்றி, தேத்தண்ணி கொடுத்தபோது ஒரு மணி. பின்னாலிருந்து வலன்ரைன் ஹோர்ன் அடித்தான். சீவரத்தினம் பேச எழும்பினார்.

"இந்த ஒரே பதவியில ஆறு வருஷத்துக்குள்ள பதினெட்டுப் பேருக்கு வேலைவாய்ப்புக் குடுத்திருக்கிறம். ஒரு கதிரையை வைச்சுப் பதினெட்டுக் குடும்பத்தைத் தொட்ட நிறுவனம் வேற இல்லை. எங்களிட்ட நிலுவையில ஒரு முறைப்பாடும் இல்லை. ஏனெண்டால் முறைப்பாடு தீருமட்டும் அதை நாங்கள் முறைப்பாடு எண்டு கணக்கெடுக்கிறதில்லை. எங்கட பணியாளர் ஒருத்தரும் இதுவரைக்கும் பதவி விலகினதில்லை. ஒருத்தரையும் நாங்கள் நிப்பாட்டினதும் இல்லை. அவை வராமல் விடுவினம், அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் கடைசி இரண்டு வசனங்களில் கொஞ்சம் தடுமாறினார். விருந்தினர் கைதட்டினார்கள்.

"இவதான் எங்கட முறைப்பாட்டுப் பிரிவு முகாமையாளர், திருமதி நிறஞ்சலா வலன்ரைன். சகல அதிகாரமும் இவவிட்டத்தான்."

நிறஞ்சலா பொலித்தீன் கதிரையில் இருந்தாள். அது சரசரவென்று சத்தம் போட்டது. வெள்ளைக்காரப் பெண்மணி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். முறைப்பாடுகளை எப்படித் தீர்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறாராம்.

ஒன்று பத்து.

"இப்பவே ஒண்டு தீர்த்துக் காட்டுறன்," என்றாள் நிறஞ்சலா.

புத்தகத்தை விரித்து, பதினெட்டாவது முறைப்பாட்டை உரத்து வாசித்தாள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சீவரத்தினம் சிரித்தபடி நின்றார். படமெடுக்கிறவர் எதிரில் நின்றதால் அந்தச் சிரிப்பை அவரால் வேறெங்கும் வைக்க முடியவில்லை.

"முறைப்பாடு நியாயமானது. மூலச் சான்றிதழ்களை உடன திருப்பிக் குடுக்கவேணும்," என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையை மையில் அழுத்திக் குத்தினாள். ஆறு வருடத்தில் ஒருமுறையும் குத்தாத முத்திரை. மை காய்ந்திருந்ததால் ஒன்றும் பதியவில்லை.

சீவரத்தினம் மெல்ல முன்னால் வந்தார். "முத்திரை இல்லாமல் செல்லாது, மிஸ். திங்கட்கிழமை புது மை வாங்கி..."

ஹமீட் கையிலிருந்த தேத்தண்ணிக் கேத்தலைச் சரித்து மைப்பெட்டிக்குள் இரண்டு சொட்டு விட்டார். நிறஞ்சலா மறுபடியும் குத்தினாள். மங்கலான நீலத்தில் நிலையத்தின் பெயர் முழுதாக விழுந்தது.

ஹமீட் உத்தரவை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். சாரதி என்ற முறையில் தன் பொறுப்பிலிருந்த சாவியை எடுத்து, ஆறு வருடத்தில் முதன்முறையாகத் தன் உத்தியோகத்தைப் பார்த்தார். அலுமாரி திறந்தது. பதினெட்டு உறைகளும் அடுக்காக இருந்தன. விருந்தினர் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

"இன்னும் பதினேழு இருக்கு," என்றாள் நிறஞ்சலா. மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் வெள்ளைக்காரப் பெண்மணி மகிழ்ச்சியோடு தலையாட்டினார். அவள் பதினேழுக்கும் சேர்த்து ஒரே உத்தரவு எழுதிக் குத்தினாள். உறைகளைச் சீவரத்தினமே கையளிப்பது போல ஒரு படம் வேண்டும் என்றார்கள். அவர் கையளித்தார். றுமைஸாவின் உறை மேலே இருந்தது.

"இதெல்லாம் நிலையத்தின்ர ஆவணம், மிஸ்," என்றார் சிரிப்பு மாறாமல், பல்லுக்குள்ளால்.

"அவையின்ர, சேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மறிச்சுக்கட்டியில இருந்து குடுக்கத் தொடங்குவம்."

ஒன்று இருபத்தேழுக்குக் கொட்டில் பக்கமிருந்து ஹோர்ன் மறுபடியும் கேட்டது. விருந்தினர் இன்னும் போகவில்லை. ஆகவே அவள் வெளியேறியபோதும் முகாமையாளராகவே வெளியேறினாள். நிலையத்தின் வரலாற்றில் அந்தப் பதவியிலிருந்து எழும்பிப் போன ஒரே ஆள் அவள்தான். வெற்றிடம் அன்றைக்கே மீண்டும் ஏற்பட்டது என்று கேள்வி.

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவள் உள்ளே போனாள். தலைமயிர் காற்றில் குழம்பியிருந்தது. மடியில் பதினெட்டு உறைகளும் ஒரு பையில். எட்டு வருட மருந்துக்கடை அனுபவம் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் இருந்தவர் பேனையை மூடினார்.

"நல்லது. நிரந்தர வெற்றிடம்தான். உங்களுக்கு ஏதும் கேக்க இருக்கோ?"

"ஓம் சேர். வெற்றிடம் நிரந்தரமோ, ஆள் நிரந்தரமோ?"

வலப்பக்கம் இருந்தவர் சுற்றறிக்கையைப் புரட்டினார்.

"அதை எழுத்தில அறிவிப்பம்," என்றார் நடுவில் இருந்தவர். "மூலச் சான்றிதழ்களை இதில வைச்சிட்டுப் போங்கோ. சரிபார்த்திட்டுக் கூப்பிடுவம்."

நிறஞ்சலா உறையிலிருந்து நான்கையும் எடுத்து மேசையில் பரப்பினாள். ஞானஸ்நானச் சான்றிதழ் கடைசியாக. கையை அவற்றின் மேலிருந்து எடுக்கவில்லை.

"இப்ப பாருங்கோ, சேர். பாத்து முடியுமட்டும் நான் இருக்கிறன்."

கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.